தாலிக்கொடியில் இருந்த ஊக்கு

மதிப்பிற்குரிய வாசகர்களே, கதை எழுதத் துணிந்தமைக்காக முதலில் என்னைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன். என் பெயர் சாருலதா. மயிலாப்பூரில் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இதற்குமுன் நான் எழுதி அச்சேறியவை ஆய்வகக் கையேடுகள் மட்டுமே. நடையில் பிழை இருப்பின் தாங்கள் பெருந்தன்மையோடு திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பூல் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் எதற்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த ஒரு பொருளில் எனக்கு ஐயம் கிடையாது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். துணி போர்த்திய மேசை, அதில் ஆறு குழிகள். கையிலுள்ள கோலால் வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது மற்ற பந்துகளைத் தள்ளிக் குழியில் வீழ்த்த வேண்டும். முக்கோணமாக அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிக்குப் பிரேக் என்று பெயர். ஆளுக்கு ஏழு பந்துகள், ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு மஞ்சள். தம்முடைய ஏழையும் போட்டு முடித்தவர் கடைசியாகக் கறுப்பு நிற எட்டாம் பந்தைப் போட்டால் வெற்றி. இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள்தான் என் நாற்பதுகள் முழுவதும் குடியிருக்கின்றன.

தரமணியில் என் கணவர் கஸ்தூரிரங்கன் வேலை செய்யும் நிறுவனத்தின் குடும்ப விழாவில்தான் முதன்முதலில் கோலைத் தொட்டேன். "ஒரு தடவை அடிச்சுப் பாரேன்" என்று கொடுத்துவிட்டு, அவர் பாதாம் அல்வா வாங்கி வரப் போனார். அவர் அல்வாவோடு வந்தபோது நான் தலையைத் திருப்பவில்லை. இன்றுவரை திருப்பவில்லை என்பது அவர் கட்சி.

அதன்பின் கோணங்களே என் உலகமாயின. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, சுண்ணக்கட்டியை எந்தக் கோணத்தில் எறிந்தால் எந்தச் சுவரில் பட்டுக் குப்பைக்கூடையில் விழும் என்று மனம் கணக்கிடும். ஒரு கோகுலாஷ்டமியன்று வெல்லச் சீடைகளைத் தாம்பாளத்தில் முக்கோணமாக அடுக்கி வைத்திருந்தேன். அடுக்கியது என் கைதான், எனக்கே தெரியாது.

"சாரு, இது பெருமாளுக்கு நைவேத்யமா, இல்லே பிரேக் அடிக்கப் போறியா?" என்றார் என் கணவர்.

"பெருமாள் முதல்ல அடிக்கட்டும்" என்றேன்.

துறைத் தலைவர் பொறுப்பு என்னைத் தேடி வந்தது. மாலைக் கூட்டங்கள் மிகுதி என்று அறிந்ததும் பணிவுடன் மறுத்தேன். வீணை உறைக்குள் போயிற்று. நாள்தோறும் கல்லூரி முடிந்ததும் லஸ் முனையில் பேருந்து ஏறி அடையாறு செல்வேன். அங்கே பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அப்துல் கரீம் என்பவர் நடத்தும் கூடத்தில் நான்கு மேசைகள் உண்டு. கோலைப் பிடித்ததும் என் கூச்சமெல்லாம் எங்கோ போய்விடும். அங்கே நான் யாரிடமும் எதற்கும் தயங்கியதில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அதற்குக் காரணம் என் தாலிக்கொடி. உடம்போ உடையோ நகையோ ஏதேனும் ஒரு பந்தில் பட்டால் அது ஃபவுல். முறை உடனே எதிராளிக்குப் போய்விடும். அவர் வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். நான் குனியும்போது கொடி கழுத்திலிருந்து நழுவி வெளியே தொங்கும். எனவே கொடியிலேயே மாட்டி வைத்திருக்கும் ஊக்கால் அதைச் சட்டையின் உட்புறத்தோடு சேர்த்துக் குத்திக்கொள்வேன். சில நாள் மறந்துவிடுவேன். அப்போது யார் அருகில் இருக்கிறாரோ அவர் "கொடி!" என்று குரல் கொடுப்பார். கரீம் பாய் கல்லாவிலிருந்தே, "மேடம், கொடி!" என்பார். என்னோடு ஆடிக்கொண்டிருக்கும் எதிராளியும் சொல்வார். சொல்லாமல் விட்டு வெல்வதை அந்தக் கூடத்தில் யாரும் வெற்றியாகக் கொள்வதில்லை.

கழற்றி வைத்துவிட்டு ஆடலாமே என்று கேட்போருக்கு என் பதில்: கழுத்தில் இருந்தால் அதை மறந்துவிடுவேன்; கழற்றி வைத்தால் எங்கே வைத்தேன் என்ற நினைவு ஆட்டத்துக்குள் நுழையும்.

மிக உரக்கக் "கொடி" சொல்பவள் மணிமொழி. தியாகராய நகரில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்பவள். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவள். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்த அவள் குடும்பத்தை அரசு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து கூடத்துக்கும் பேருந்திலேயே வந்து போவாள். "பஸ்ல நின்னுக்கினே தூங்குவேன்க்கா, கோலைப் புடிச்சா மட்டும் முழிச்சுக்குவேன்" என்பாள். கூடத்தில் என்னை வெல்லக்கூடியவள் அவள் ஒருத்தியே.

தேசியப் போட்டிக்குப் போகும் மாநில மகளிர் அணியில் கடைசியாக ஓர் இடம் காலியாக இருந்தது. தேர்வாட்டங்களில் மற்றவர்கள் வெளியேறிய பின் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். முன்பு இரு முறை அந்த இடத்தின் வாசல்வரை சென்று திரும்பியவள் நான். இம்முறை அது எனக்குத்தான் என்று நம்பினேன். நம்பிக்கைக்குக் காரணம் உண்டு: என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக ஆடியது அந்த மாதத்தில்தான்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், தியாகராய நகரில் ஒரு மன்றத்தில் ஆட்டம். நாங்கள் இருவரும் மாநிலப் பூல் சங்கம் விதித்தபடி வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்திருந்தோம். ஆட்டத்துக்குச் சற்று முன், ஒப்பனை அறையில் மணிமொழி இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, ஒரு ஊக்கு கீதா? பஸ்ல ஏறச்சொல்ல ஹூக்கு பிச்சிக்கிச்சு. குனிஞ்சா மானம் போயிடும்."

கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

"இன்னாக்கா, ஒண்ணுதான் கீதா? அப்ப உனுக்கு?"

"நான் பாத்துக்கறேன். நீ குத்திக்கோ."

"தோத்துட்டு ஊக்கு மேல பழி போடாத, சொல்ட்டேன்."

நடுவர் சுப்பராமன் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். விதிகளை எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார். ஒருவர் முறையில் மற்றவர் பேசக்கூடாது. முதல் தடவை எச்சரிக்கை. மறு தடவை அந்த ஆட்டமே பறிபோகும். மணிமொழிக்கு எச்சரிக்கை வெகு சீக்கிரம் கிடைத்துவிட்டது. நான் இரு விளிம்புகளில் பட்டுத் திரும்பிய பந்தொன்றைக் குழியில் போட்டபோது, அவள் தன்னை மறந்து, "ஐய, செம்மக்கா!" என்று கத்திவிட்டாள்.

"பாராட்டும் பேச்சுதாம்மா" என்றார் சுப்பராமன்.

ஆட்டங்கள் மாறி மாறி விழுந்தன. கணக்குச் சமமாகி, கடைசி ஆட்டம் வந்தது. அதில் நான் என் ஏழையும் போட்டு முடித்தேன். எட்டாம் பந்து எதிர்மூலைக் குழியின் வாயருகே நின்றது. மணிமொழிக்கு இன்னும் இரண்டு சிவப்புப் பந்துகள் மிஞ்சியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டும் அந்த எட்டை நான் போடுவேன். ஒரே ஒரு சிரமம், வெள்ளைப் பந்து மேசையின் நடுவில் இருந்தது. மேசைமேல் நன்றாகச் சாய்ந்துதான் எட்ட வேண்டும். என் கழுத்துக்கு நேர் கீழே ஒரு சிவப்புப் பந்து.

சாய்ந்தேன். கொடி நழுவியது.

"அக்கா, கொடி!"

அறையே அதிர்ந்தது. நான் அடிக்காமல் நிமிர்ந்தேன். சுப்பராமன் கையை உயர்த்தினார்.

"இது ரெண்டாவது தடவைம்மா. ஆட்டம் சாருலதா மேடத்துக்கு. மேட்ச் முடிஞ்சுது."

"சார், இன்னா சார் இது! பழக்கத்துல வந்துட்சு சார். அந்தக்கா ஊக்கு என்கிட்ட கீது, அதான்..." அவள் கை தன்னையறியாமல் இடுப்பைத் தொட்டது.

பார்வையாளர் வரிசையில் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். மாநில அணி இடம் என் கைக்கு வந்துவிட்டது. நான் பேசாமல் இருந்தால் போதும்.

ஆனால் அந்தக் குரல் வருவதற்கு ஒரு கணம் முன்பு என் கழுத்துக்கு ஒன்று தெரிந்திருந்தது. கொடியின் எடை சட்டென்று குறைந்தது. தாலியைச் சிவப்புப் பந்து தாங்கிக்கொண்டது.

"மன்னிக்கணும் சார். அவ கத்தறதுக்கு முன்னாடியே என் தாலி பந்துல பட்டுடுத்து. அது ஃபவுல். அப்பவே முறை அவளுக்குப் போயாச்சு. தன்னோட முறையில அவ பேசினா குத்தமில்லையே?"

சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றினார். "பந்து நகர்ந்ததை நான் பார்க்கலையே மேடம்."

"நகரலை சார், பட்டுது. என் கழுத்துக்குத் தெரியும்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சாச்சு சார்."

இதைத் தாங்கள் தியாகம் என்று எண்ணிவிடக்கூடாது. அவள்மீது இரக்கப்பட்டு நான் சொல்லவில்லை. எட்டாம் பந்து குழியில் விழும் ஓசை கேட்காமல் ஓர் ஆட்டம் முடிந்தது என்று யார் அறிவித்தாலும் என்னால் ஏற்க இயலாது. அந்த ஓசைக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டேன். அது இல்லாத வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சுப்பராமன் வெள்ளைப் பந்தை எடுத்து மணிமொழியின் கையில் கொடுத்தார். நான் நாற்காலியில் அமர்ந்து, அவள் தவறவிட வேண்டும் என்று முழுமனதோடு வேண்டினேன். முதல் சிவப்பு சுலபமாக விழுந்தது. இரண்டாவது சிவப்பு குழியின் உதட்டில் நின்று யோசித்து விழுந்தது. எட்டைப் போடுமுன் அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. அவள் குனிந்தாள், ஊக்கு தாங்கியது, பந்து விழுந்தது. நல்ல ஓசை. அது என் கோலிலிருந்து எழவில்லை என்பதுதான் குறை.

வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லூசாக்கா நீ? கம்முனு இருந்திருந்தா நீதான போயிருப்ப?"

"எட்டைப் போடாம எப்படிடி போறது?"

"அட்த்த வருசம் வருவியா? உனுக்கு வயசாய்க்கினே போவுது டீச்சர்."

"பந்துக்கு என் வயசு தெரியாது. வந்து உன்னை அடிச்சு அனுப்பறேன், பாரு."

"வா வா. ரெண்டு ஊக்கா எத்துக்கினு வா."

வண்டியில் ஏறியதும் கணவர் சொன்னார்: "ஆத்துல ஒரு டப்பா நிறைய ஊக்கு இருக்கு சாரு. ஒண்ணே ஒண்ணை மாட்டிண்டு வந்திருக்கே."

"ஏன்னா, நாளைக்குக் கார்த்தால கரீம் பாய் ஹால் தெறந்திருக்குமோ?"

"தெறந்திருக்கும். நீ அவகிட்ட பேசிண்டிருந்தப்பவே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன்."

இனி, இழந்தவற்றைச் சொல்லி விடைபெறுகிறேன். மாநில அணியில் இடம். துறைத் தலைவர் பொறுப்பு. வீணையில் இருந்த விரல் பழக்கம். என் கணவர் தனியே போய்வந்த உறவினர் கல்யாணங்கள். ஒரு தட்டு பாதாம் அல்வா. குழிவாயில் நின்ற ஓர் எட்டாம் பந்து. ஓர் ஊக்கு, அது மணிமொழியோடு தேசியப் போட்டிக்குப் போயிருக்கிறது.