தைக்காத விரல்

வேன் கதவை இழுத்துச் சாத்தியது மைதீன் பாத்துதான். இதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்கும் இல்லை. பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத் துணியும் நெய்ச்சோற்றுத் தூக்குவாளியும் மங்குஸ்தான் பையுமாக மொத்தக் குடும்பமும் வண்டிக்குள் முண்டியடித்துக்கொண்டிருந்தது. சாரல் வலுத்து மழையாகியிருந்தது. "ஏறுங்கட்டி, நின்னு நனையாதீங்க" என்று எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டு, பெரியவள் என்ற தோரணையில் தம் கட்டிக் கதவை இழுத்தாள். தம்பி மகள் ஹம்னாவின் கை கதவோரத்தில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. நாலரை வயதுப் பிள்ளை போட்ட சத்தத்தில் அருவிச் சத்தமே காணாமல் போயிற்று. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி, பாதி நகத்தோடு, இல்லை.

பெற்றவள் ஷரீபுன்னிசா அழவில்லை. சொந்த ஊரான அச்சன்புதூரில் இதைப் பிறகு மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே, என்ன நெஞ்சழுத்தம் பாரேன் என்றார்கள். நெஞ்சழுத்தம்தான், அதிலென்ன தப்பு? மற்றவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், துப்பட்டா முனையைக் கிழித்து விரலில் சுற்றி, பிள்ளையின் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி, "அண்ணே, தென்காசிக்கு விடுங்க" என்று டிரைவரிடம் சொன்னது அவள் ஒருத்திதானே.

தென்காசியில் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தது டாக்டர் உமாராணி. சுந்தரபாண்டியபுரத்துக்காரி. ஆள் சின்னது, குரல் மட்டும் சந்தையில் நிற்பவள் போல. விரலைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஷரீபுன்னிசாவை உட்காரச் சொன்னாள்.

"நசுங்குன துண்டு இனி ஒட்டாதும்மா. ரெண்டு வழி இருக்கு. பக்கத்துத் தோல இழுத்து மூடித் தச்சுரலாம். சீக்கிரம் ஆறிரும், ஆனா விரல் மொட்டையாத்தான் நிக்கும். இல்லன்னா தைக்காம விட்டுட்டு, மேல கண்ணாடித் தாள் மாதிரி ஒரு பிளாஸ்திரி மட்டும் ஒட்டலாம். நகத்தோட வேரு தப்பிச்சிருக்கு. இந்த வயசுல நுனி திரும்ப வளர வாய்ப்பு உண்டு. ஆனா சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

"தானாவா வளரும்?"

"ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் துளியூண்டு கரண்டு இருக்கு. தோலு முழுசா இருந்தா உள்ளுக்குள்ள அடங்கிக் கெடக்கும். அறுந்த எடத்துல வெளிய கசியும். அந்தக் கசிவு இருக்குத வர, 'இங்கன ஒரு எடம் காலியாக் கெடக்கு'ன்னு சுத்தியிருக்குத செல்லுக்கெல்லாம் தகவல் போகும்னு நெனைக்கோம். நான் தச்சு மூடிட்டா அந்தத் தகவல் நின்னுரும்."

"அதுகளுக்கு விரலு எப்படி இருக்கும்னு தெரியுமா டாக்டர்?"

"ஒத்தச் செல்லுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் சேந்தாத் தெரியும்."

ஷரீபுன்னிசாவுக்குக் கல்யாண வீட்டுச் சோறு ஞாபகம் வந்தது. ஒருத்தி வெங்காயம் உரிப்பாள், ஒருத்தி அரிசி களைவாள், ஒருவர் அடுப்பில் விறகைத் தள்ளுவார். யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் முழுசாகச் சொல்லத் தெரியாது. ஆனாலும் ஊருக்கே சோறு பதமாக இறங்கிவிடும். அது சரி, அங்கே போதும் என்று சொல்ல ஒரு ஆள் உண்டு. இங்கே?

"வளர ஆரம்பிச்சா எப்ப நிக்கணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

உமாராணி சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க. அதுகளே கலந்து பேசித்தான் நிக்குது. எப்படிப் பேசுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடல."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை ஷரீபுன்னிசா அதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு சொல்லில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பின்னால் நின்ற மைதீன் பாத்துவுக்கு வரவில்லை. "என்னட்டி இது கூத்தா இருக்கு! காயத்தத் தைக்காம விடுவாங்களா? கெளம்பு, திருநெல்வேலிக்குப் போவோம். எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு இவள ஒருத்தன் கேட்டு வரும்போது மொதல்ல கையத்தான் பாப்பாங்க."

"தைக்க வேண்டாம் டாக்டர்" என்றாள் ஷரீபுன்னிசா.

சவுதியில், தம்மாமில் எலக்ட்ரீசியனாக இருக்கும் அவள் புருஷன் ஒலி முகம்மது அன்று சாயங்காலம் வீடியோவில் வந்து குதித்தான். அக்கா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். "ஏட்டி, கரண்டப் பத்தி எனக்கே பாடம் எடுக்குதியா? இருவது வருசமா இதத்தான் தின்னுட்டிருக்கேன். ஒயரு அறுந்தா ஒடனே டேப்ப சுத்தணும். யாராவது தொறந்து போடுவாங்களா?"

"உங்க ஒயரு அறுந்தா அறுந்ததுதான். சவுதில எந்த ஒயராவது தானா வளந்து நீங்க பாத்துருக்கீங்களா? எம்புள்ள விரலு வளரும்."

அந்தப் பக்கம் அவன்கூட இருந்தவர்கள் யாரோ சிரித்தது கேட்டது.

வாய் சவடால் அடித்துவிட்டது, ராத்திரி தூக்கம் வர வேண்டுமே. இரண்டாம் வாரம் விரல் நாறத் தொடங்கியது. கண்ணாடித் தாளுக்குள்ளே பழுப்பாக ஏதோ கோத்துக்கொண்டது. நாறும், அதற்குப் பயப்படாதீர்கள், காய்ச்சலடித்தாலோ கை வீங்கினாலோ சிவப்பு மேலே ஏறினாலோ ஓடி வாருங்கள் என்று உமாராணி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஷரீபுன்னிசாவின் உள்ளங்கை பிள்ளையின் நெற்றியை விட்டு நகரவில்லை. விரலில் சீழ் வைத்துவிட்டது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. மைதீன் பாத்து வாடகைக் காரோடு வாசலில் வந்து நின்றாள்.

"அழுகுதுட்டி! மூக்கு இல்லையா ஒனக்கு? பிள்ளையத் தூக்கு, ஏறு வண்டில."

"காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல மைனி. நாளைக்கு டாக்டர்ட்ட போகணும், போவோம்."

"இப்பவே தச்சுரணும். தச்சுட்டா முடிஞ்சிரும்லா" என்றவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சாத்துன கதவுட்டி அது. கண்ண மூடுனா அந்தச் சத்தந்தான் கேக்கு. தச்சு, ஆறி, எல்லாரும் மறந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

ஷரீபுன்னிசாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் தன்னை மட்டம் தட்டுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, கதவச் சாத்துனது நீங்க, சரி. தைக்க வேண்டாம்னு சொன்னது யாரு? நாந்தான? இனிமே நல்லதோ கெட்டதோ, அது என் தலைல. நீங்க போயி சாப்பிடுங்க."

காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அழுதாள். அருவிக்கரையில் அழாததையும் சேர்த்தே அழுதாள். தப்புப் பண்ணிட்டேனோ ரப்பே, என் வீம்புக்குப் பிள்ளையின் கையைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று படைத்தவனிடம் கேட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஹம்னாவுக்குத் தோசை சுடப் போனாள்.

மறுநாள் உமாராணி தாளை உரித்தாள். பழுப்பைக் கழுவியதும் அடியிலே ரோஸ் நிறத்தில், ஊறவைத்த பட்டாணி போல, உருண்டையாக ஒன்று முளைத்திருந்தது. உமாராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "வேலைய ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்றாள், கொத்தனாரையும் சித்தாளையும் சொல்வதைப் போல.

அப்புறம் வாரா வாரம் அது நீண்டது. நகம் அரிசி அளவுக்கு எட்டிப் பார்த்தது, பிறகு வளைந்து நுனியை மூடியது. இடது கை ஆள்காட்டி விரலுக்குச் சமமாக ஆக வேண்டிய இடம் வரைக்கும் வந்து, சொல்லி வைத்த மாதிரி நின்றுகொண்டது. "எத்தன வோல்ட்டுன்னு அந்த டாக்டர்ட்ட கேளு" என்றான் ஒலி முகம்மது. டார்ச் பேட்டரியில் அம்பதில் ஒரு பங்கு இருந்தால் பெரிசு என்று உமாராணி சொன்னதைக் கேட்டதிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "அந்தத் துக்குணி கரண்ட வச்சு எம்மவ வெரல வளத்துட்டாளே!" என்று தான் தங்கியிருந்த கேம்ப் முழுக்கப் போட்டோவைக் காட்டிக்கொண்டு திரிந்தான். தைக்கச் சொல்லித் தான் குதித்தது அவனுக்கு மறந்தே போய்விட்டது. ஷரீபுன்னிசா நினைவுபடுத்தவில்லை. அதைவிடப் பெரிய பெருமை அவளிடம் இருந்தது.

ஹம்னாவுக்கு ஐந்து முடிந்ததும், ஆதாரில் கைரேகை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள் பள்ளிக்கூடத்தில். தென்காசி சேவை மையத்துக்கு மைதீன் பாத்துவும் கூடவே கிளம்பினாள். வழி நெடுக அவள் வாய் ஏதோ ஓதிக்கொண்டே வந்தது. அங்கே மெஷினுக்கு முன்னால் இருந்த இசக்கிமணி, பச்சை வெளிச்சம் எரியும் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துவிட்டு, "வலது கை நாலு விரலையும் வைய்யி பாப்பா" என்றான்.

திரையில் நாலு கட்டம். மூன்றில் கோடுகள் வந்தன. ஆள்காட்டி விரலின் கட்டம் வெறுமனே கிடந்தது. மைதீன் பாத்து நாற்காலியின் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"தொட்டும் தொடாம வச்சிருக்கா. நல்லா அழுத்தி வைய்யி."

ஷரீபுன்னிசா பிள்ளையின் கையைத் தொடவில்லை. "நீயே அழுத்துட்டி" என்றாள். ஹம்னா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். காலிக் கட்டத்தில் ஒரு வளைவு தெரிந்தது, அதற்குள்ளே இன்னொன்று, அதற்குள்ளே இன்னொன்று. சுழித்துச் சுழித்து நடுவில் வந்து முடிந்தன.

"உம்மா, இது என் பழைய கோடா, புதுசா?"

யாருக்குத் தெரியும்? பழையதை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஷரீபுன்னிசா மகளின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஹம்னா கையை எடுத்ததும், அடுத்த ஆளுக்காக இசக்கிமணி துணியோடு கண்ணாடியை நோக்கிக் குனிந்தான். மைதீன் பாத்து சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடச்சிராதிய தம்பி. செத்த நேரம் இருக்கட்டும்."

பச்சை வெளிச்சத்தின் மேல் ஈரமாக நாலு தடங்கள் இருந்தன. அவள் இன்னும் கிட்டக் குனிந்து, ஆள்காட்டி விரலின் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.