திருடனுக்குத் தப்பிய மோதிரம்

ரஷ்யாவில், எங்கள் பெர்ம் நகரத்தில் கோடை வந்தால் பாதி ஊர் தோட்டவீட்டுக்குப் போய்விடும். போகுமுன் நகையைத் திருடன் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கு. நகை என்று இருப்பது என் மனைவி ரிம்மாவின் மோதிரம் ஒன்றுதான். நடுவில் மரகதம், சுற்றிலும் பொடி வைரங்கள், உட்பக்கம் சோவியத் காலத்துத் தங்கத்துக்கு அடிக்கும் நட்சத்திர முத்திரை. அந்த நாடே கலைந்துபோயிற்று, முத்திரை மட்டும் தேயவில்லை.

கோடை முடிந்து வீடு திரும்பிவிட்டோம். நாளை எங்கள் மகள் உல்யானாவுக்குக் கல்யாணம். இன்று மாலை வருகிறாள். மோதிரம் அவளுக்குத்தான் என்று ரிம்மா எப்போதோ சொல்லியாயிற்று.

மோதிரத்தைக் காணோம்.

"எங்க வச்ச, அர்காஷா?"

"ரவை டப்பாவுல."

"கொட்டிப் பாத்தாச்சு. ரவைதான் இருக்கு."

நானும் சலித்துப் பார்த்தேன். கம்பளி பூட்ஸுக்குள் கைவிட்டேன். உறைபெட்டியில் இருந்த காளான் பொட்டலங்களைப் பிரித்தேன். நடந்த இடமெல்லாம் ரவை நறநறத்தது.

"பெரிய பாலம் கட்டின இன்ஜினியரு. நீ கட்டின பாலமெல்லாம் வச்ச இடத்துலதான் இருக்கா?"

"அதுக்குக் கீழ ஆறு ஓடுது. கண்டுபிடிக்கிறது சுலபம்."

ரிம்மா சிரிக்கவில்லை. எனக்கும் என் மேலேயே எரிச்சல். திருடனாவது வந்திருந்தால் துணைக்குத் தேடியிருப்பான்.

"ரவை டப்பாதான் ரிம்மா. சத்தியமா."

சுவரில் மாட்டிய கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தவள் கை நின்றது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜூலையில தோட்டவீட்டுலேருந்து மருந்து வாங்க இங்க வந்தேன்ல. ரவையில வண்டு புடிச்சிருந்துச்சு. அதைக் கொட்டிட்டுப் புதுசு போட்டேன். மோதிரத்தை வேற இடத்துல வச்சேன்."

"எங்க?"

"நல்ல இடம்னு நெனச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

காலையிலிருந்து வாங்கிய திட்டையெல்லாம் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அழைப்புமணி அடித்தது. ரிம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்த பிள்ளை பார்க்கிற பார்வை.

உள்ளே வந்த உல்யானா தரையைப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"மோதிரத்தை ஒளிச்சு வச்சேன்மா. எடம் மறந்துபோச்சு. உங்கப்பனை நம்பி எதையும் குடுத்துடாத" என்றேன்.

"பரவால்லப்பா" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

சாப்பாட்டை ரிம்மா பரிமாறினாள். என் தட்டில் மட்டும் கறிக்கொழுக்கட்டை வந்து விழுந்துகொண்டே இருந்தது. போதும் என்று தட்டை மறைத்தேன். என் கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு வைத்தாள்.

"சாப்பிடு. தேடுறதுக்குத் தெம்பு வேணாமா?"