மஸ்கட்டிலிருந்து மூன்றரை மணி நேரம்

1

இந்தக் கதை சாலவாக்கம் டீக்கடையில் எனக்குக் கிடைத்தது. "மஸ்கட்டு இன்னா தூரம் கீது?" என்று யாரோ கேட்டார்கள். மீனம்பாக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், விமானத்தில் மூன்றரை மணி நேரம் என்றேன். பக்கத்திலிருந்த ராஜாராம் "அதெல்லாம் சும்மா" என்றார். பிறகு, தன் அக்கா புருஷன் சின்னப்பையனுக்கு 2002இல் நேர்ந்ததைச் சொன்னார்.

'அன்று விடியலில் ஏரிக்கரையில் கொக்குகள்...'

(இப்படித்தான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். சாவு வீட்டில் கொக்குக்கு என்ன வேலை?)

2

சின்னப்பையனின் மனைவி தாயாரம்மாள் இறந்துபோனார். ஒரே மகள் இளமதி மஸ்கட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். காலையில் சின்னப்பையன் எஸ்டிடி பூத்துக்குப் போய் அவளிடம் பேசினார்.

"பாஸ்போர்ட்டு வூட்டுக்காரங்க கைல கீது, நைனா. காலப் புடிச்சிக் கேட்டுட்டேன். குடுக்க மாட்டேன்றாங்க." அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். "பெத்தவ மூஞ்சியப் பாக்கக்கூட வரமாட்டாளா?" என்றாள் ஒருத்தி. வரமாட்டாள் என்று சொல்லத்தான் சின்னப்பையன் வாயைத் திறந்தார்.

"பிளேன் ஏறிட்டா. மூணர மணி நேரந்தான்" என்றார்.

3

அந்தப் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. ராஜாராம் உத்திரமேரூருக்கு ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தார். அழைத்துவர மாமாவும் வரவேண்டும் என்றார். பிணத்தை விட்டுவிட்டுச் சின்னப்பையன் ஏறி உட்கார்ந்தார். செங்கல்பட்டு தாண்டியதும் ராஜாராம் பக்கம் திரும்பினார்.

"ராஜாராமு, அவ வரல."

"இன்னா மாமா சொல்ற?"

"வுட மாட்டேன்றாங்களாம். அவளப் பத்தி யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னு..."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "இப்பத் திரும்புனா கிழிச்சிடுவாங்க. போய்ட்டே வரலாம்" என்றார் ராஜாராம்.

(இதைச் சொன்னவர் ராஜாராம் என்பதால்தான் ராஜாராம் இவ்வளவு நல்லவராக வருகிறாரோ என்று எனக்கொரு சந்தேகம். அவரை ஒரு தடவை கோபப்பட வைத்து எழுதிப்பார்த்தேன். ஒட்டவில்லை.)

4

மீனம்பாக்கத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மஸ்கட் விமானம் வந்துவிட்டதாகப் பலகையில் போட்டார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். குழந்தைகள் தடுப்புக்கு அடியில் நுழைந்து ஓடின. வரமாட்டாள் என்று தெரிந்தும், வந்த பெண்கள் எல்லோருடைய முகத்தையும் சின்னப்பையன் பார்த்தார். கடைசி ஆள் போனபிறகும் பார்த்தார்.

'அப்போது பின்னாலிருந்து "நைனா!" என்று...'

(இல்லை. அப்படி நடக்கவில்லை. எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.)

"வா மாமா. அக்கா காத்துக்கினு கீது" என்றார் ராஜாராம்.

5

ஊரில் ராஜாராம்தான் பேசினார்: "பொண்ணு ஏறப்போற நேரத்துல தடுத்துட்டாங்களாம். எடுத்துடச் சொல்லி அதுவே சொல்லிச்சு." யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிணத்தை எடுத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் பூத்திலிருந்து ஆள் வந்தது. சின்னப்பையன் ஈரத்துண்டோடு போய் ரிசீவரை வாங்கினார்.

"நைனா, அம்மாவ எடுத்துட்டீங்களா?"

"ம்."

"நான் வரலன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் என்ன சொன்னார் என்று ராஜாராமுக்குத் தெரியாது. பூத்துக்கு வெளியே நின்றிருந்தாராம். நான் எழுதிப்பார்த்த பதில்கள் ஒன்றும் அவர் வாயில் நிற்கவில்லை. அந்தப் பக்கம் அந்தப் பெண் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் எதைக் கேட்கத் தாங்குவீர்களோ, அதை அவர் சொல்லட்டும்.