ஊர்வலத்தில் ஸ்லோ டவுன்

ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிற காரில் "ஸ்லோ டவுன்" என்று சிவப்பு விளக்கு எரிந்தால் எவனுக்குத்தான் சிரிப்பு வராது? கொளஞ்சியப்பனுக்கு வரவில்லை. எரிந்தது வலப்பக்க விளக்கு.

கள்ளக்குறிச்சியில் டிராக்டரும் கரும்பு லாரியும் பார்க்கிற மெக்கானிக் அவன். நாலு நாளைக்கு முன்னால், மூங்கில்துறைப்பட்டு ராஜாங்கம் அவன் பட்டறை வாசலில் ஒரு சிவப்பு இத்தாலிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மகன் சின்னராசுவின் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே பெங்களூரில் வாங்கியது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. இந்த வெளக்குதாம்பா எந்நேரமும் மெதுவா போ, மெதுவா போன்னு மெரட்டுது. இதுக்கு எம் பொண்டாட்டியே தேவலாம்."

புகைக்குழாய் அளவுக்கு மேல் சூடானால் எரிய வேண்டிய விளக்கு அது. இடப்பக்கக் குழாய்க்கு ஒன்று, வலப்பக்கக் குழாய்க்கு ஒன்று. குழாயில் செருகிய சென்சார், தீப்பெட்டி அளவில் இருக்கும் ஒரு பெட்டிக்குத் தகவல் சொல்லும்; பெட்டி விளக்குக்குச் சொல்லும். பொய் சொல்வது யார்?

மறுநாள் காலை, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே கொளஞ்சியப்பன் சாவியைத் திருகினான். இடப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது. குழாயில் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது. சரி, சூடு இல்லை. அடுத்து இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டினான். இப்போது இடப்பக்கம் அணைந்து வலப்பக்கம் எரிந்தது. பெட்டி போன பக்கமே பொய்யும் குடிபோய்விட்டது! ஆக, சென்சார் யோக்கியம். இடப்பக்கப் பெட்டிதான் திருடன். பழையபடியே மாட்டி, வெள்ளிமலை பஸ்ஸுக்குப் பின்னால் செகண்ட் கியரில் மலையேறிப் பார்த்தான். வலப்பக்க விளக்கு கடைசிவரை வாயே திறக்கவில்லை; அது காரணமில்லாமல் எரியாது.

"பெட்டி வெளிநாட்லருந்து வரணுங்க. மூணு மாசம் ஆவும்."

"வெள்ளிக்கிழமை கல்யாணம்பா!"

இடப்பக்க பல்பைக் கழற்றினான். அதோடு வாயை மூடியிருக்கலாம். பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "இது பொய் வெளக்குங்க, கண்டுக்காதீங்க" என்றும் சொல்லித் தொலைத்தான்.

இப்போது ஊர்வலம். டிரைவர் பழனி ஓட்ட, பக்கத்தில் மாலையும் கழுத்துமாகச் சின்னராசு. அவசரத்துக்கு ஆகட்டும் என்று காரோடு கொளஞ்சியப்பனையும் நடக்க வைத்திருந்தார் ராஜாங்கம். உறவுக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் கார் ஆரத்திக்கு நின்றது, இன்ஜினை நிறுத்தவில்லை. தெரு குறுகும் இடத்தில் அவன் முன்னால் போய்க் கூட்டத்தை ஒதுக்கினான். திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதுதான் அந்தச் சிவப்பு.

பின்பக்கம் ஓடினான். மாப்பிள்ளையின் அத்தை காசியம்மாள், பெண்களுக்குக் கை வலிக்கிறதென்று பதினோரு சீர்த்தட்டுகளையும் கார் முதுகில் அடுக்கியிருந்தாள். பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதாம். அடியில் நாலாக மடித்த புதுச் சமுக்காளம் வேறு.

"ஏம்மா, இன்னா பண்ணி வச்சிக்கீறீங்க?"

"டிக்கி சும்மாத்தானப்பா கெடக்குது?"

டிக்கி இல்லை. இந்த வண்டிக்கு இன்ஜினே பின்னால்தான்; அனல் வெளியேறுகிற கம்பிச் சந்து அத்தனையும் சமுக்காளத்துக்குள்.

"பழனி, வண்டிய ஆஃப் பண்ணு!"

முன்னால் நடந்த ராஜாங்கம் திரும்பினார். "இன்னாப்பா?"

"வெளக்கு எரியுதுங்க."

"அது பொய் வெளக்குன்னு நீதானப்பா சொன்ன?"

"அது இடதுங்க. இது வலது."

"ஒரே வண்டியில இடது பொய் பேசும், வலது நெசம் பேசுமா? போப்பா." குரலைத் தணித்தார். "செத்தாலும் இங்க நிக்கக் கூடாது. யாரு வூடுன்னு பாரு."

பார்த்தான். ராஜாங்கத்தின் பங்காளி அரங்கநாதன் வீடு. வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லார் வீட்டிலும் நின்ற கார், இந்த வீட்டில் மட்டும் நிற்காமல் போக வேண்டும். அதற்காகவே ரெண்டு தெரு சுற்றி வந்திருந்தார் ராஜாங்கம்.

துணி கருகுகிற நெடி மூக்கில் ஏறியது. பழனி முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி கேட்டுப் பயனில்லை. கொளஞ்சியப்பன் ஜன்னலுக்குள் கையைவிட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினான்.

கார் செத்தது. அரங்கநாதன் வாசலுக்கு நேர் எதிரே. மேளம் தானாக நின்றது. ராஜாங்கத்தின் கை அறைவதற்கு ஓங்கியது.

வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. அரங்கநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். "ராணீ! இன்னும் இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கற? ஆரத்தி கரைச்சி எடுத்தாம்மே! எம் பங்காளி நம்ம வாசல்ல நிறுத்திட்டான்டி!" சொல்லும்போதே குரல் உடைந்தது.

ஓங்கிய கையை எங்கே இறக்குவது? இன்னொரு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டார் ராஜாங்கம்.

அந்த அமளியில், அரங்கநாதன் மனைவி ராணியம்மாள் மாப்பிள்ளையை இறக்கி, அவன் வாயில் சர்க்கரை போட்டதைத்தான் ஊரே பார்த்தது. தட்டுகளைத் தரையில் இறக்கிச் சமுக்காளத்தை உருவிய கொளஞ்சியப்பனை யாரும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு முறம் அகலத்துக்குக் கருகி, ஓரமெல்லாம் நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மிதித்து அணைத்தான்.

"பாழாப் போனவனே! புதுசுடா அது!" என்றாள் காசியம்மாள்.

இன்ஜின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் ஆறவிட்டு, சாவியைத் திருப்பினான். விளக்கு எரியவில்லை. கார் மண்டபம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பந்தியில் ராஜாங்கம் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். "வெளக்கா? அது பொய் வெளக்குப்பா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். எத்தினி நாளைக்குத்தான் வெரோதம்?"

எதிர்வரிசையில் கொளஞ்சியப்பன் வாய் திறந்தான். ராஜாங்கத்துக்குப் பக்கத்து இலையில் அரங்கநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு அப்பளத்தை உடைத்துத் திறந்த வாயில் போட்டுக்கொண்டான்.

கை கழுவப் போகிற வழியில் ராஜாங்கம் அவன் காதருகே குனிந்தார். "அந்த வலது பல்பையும் புடுங்கிடு. இனிமே கண்டவன் வூட்டு முன்னாடி வண்டி நிக்கக் கூடாது."

"புடுங்கினா நிக்காதுங்க. வண்டியே எரியும்."

ராஜாங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா வெளயாட்டா பேசறப்பா நீ!" பந்திக்காரனைக் கூப்பிட்டார். "கொளஞ்சிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்து."