ஒன்பதாம் ரீல்

"திங்கட்கிழமை கொத்தனார் வர்றாரு" என்று முதலாளி தாண்டவராயன் சொன்னபோது, மரகதம் பெண்கள் பக்கத்து டிக்கெட் ஜன்னலுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஈ காக்கை இல்லை.

"இன்னாத்துக்கு முதலாளி கொத்தனாரு?"

"நடுச்சுவத்த இடிக்கத்தான். காலியா கெடக்கற எடம் ஆம்பளைங்களுக்காவது ஆவட்டும்."

மண்ணூர் டூரிங் டாக்கீஸில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். அந்தச் சுவர் போனால் பெண்கள் பக்கம் போச்சு. பெண்கள் பக்கம் போனால் அந்த ஜன்னல் போச்சு. ஜன்னல் போனால் மரகதத்தின் வேலையும் போச்சு. புருஷன் செத்ததிலிருந்து அவளுக்குச் சோறு போடுவது அந்த ஒரு சாண் ஜன்னல்தான்.

"நேத்து பொம்பளைங்க வந்தாங்களே முதலாளி!"

"வந்தாங்க. எந்திரிச்சிப் போனாங்களே, அது?"

சண்டைப் படங்களாக வரத் தொடங்கியதிலிருந்தே பெண்கள் வருவது குறைந்துவிட்டது. 'கொடுவாள் கோமளா' என்று ஒரு படம் வருகிறது, அதில் கதாநாயகியே கத்தி எடுத்துச் சண்டை போடுகிறாள் என்று தெரிந்ததும், மரகதம் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லி வெள்ளிக்கிழமை கூட்டம் சேர்த்திருந்தாள். எட்டு ரீல் வரைக்கும் நன்றாகத்தான் போனது. ஒன்பதாம் ரீலில் வில்லன் கோமளாவின் தங்கச்சியைக் குடோனுக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினான். கேமராவும் கூடவே உள்ளே போனது, வெளியே வரவே இல்லை. ரீல் முடியும்வரை அந்தப் பெண் கதறினாள். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் ஒவ்வொருவராக மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

"அந்த ஒரு ரீல வுட்டுட்டு ஓட்டுங்களேன்."

"விசிலுக்குத்தாம்மா படமே ஓடுது. நல்லா சொன்ன போ!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார் தாண்டவராயன்.

திங்கட்கிழமைக்குள் இன்னும் இரண்டு ஆட்டங்கள்தான் பாக்கி. அன்று சனிக்கிழமை. காலையிலேயே மரகதம் மறுபடி தெருவில் இறங்கினாள்.

"நான் வரல தாயே" என்றாள் பாப்பம்மாள். மண்ணூரிலும் சுற்று ஊர்களிலும் தயிர் விற்கிறவள். அவள் வந்தால் பத்துப் பேர் பின்னால் வருவார்கள். "அந்தக் கண்றாவிய இன்னொரு வாட்டி பாக்கணுமா?"

"பாக்க வாணாம். அது வர்றதுக்கு மின்னாடி நான் டார்ச்ச மூணு வாட்டி ஆட்டறேன். எல்லாரும் வெளிய போய் சுண்டல் துன்னுட்டு, முடிஞ்சதும் வந்து குந்திக்கலாம். கத்திச் சண்டைய பாக்காமலே போய்ட்டீங்களே!"

பாப்பம்மாள் யோசித்தாள். "சுண்டல் யாருது?"

"என்னுது."

அன்று மாலை பெண்கள் பக்கம் முக்கால்வாசி நிறைந்தது. பாப்பம்மாள் வந்தாள். கம்பெனியில் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கும் சரோஜா, ஷிஃப்ட் முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தாள். ஆஸ்பத்திரி ஆயா ஞானம்மா, மாதா கோயிலுக்குப் போகிற மாதிரி தலையில் முக்காட்டோடு வந்தாள். மரகதம் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மண்ணூருக்கும் பென்னலூர் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டி. பென்னலூரில் பொழுது சாயும்போதே படத்தை ஆரம்பித்துவிடுவார்கள். ஓடி முடிந்த ரீல்களைத் தகர டப்பாக்களில் போட்டு, யாக்கோபு சைக்கிளில் மண்ணூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். தினமும் இரண்டு நடை. ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று பிசகியது. இரண்டாவது நடையில் பென்னலூர் கூட்டுரோட்டு டீக்கடையில் நின்ற யாக்கோபுவுக்கு, பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. மேலே இருந்த டப்பாவை அவிழ்த்துக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார். குடித்தவர் எழுந்து வந்துவிட்டார். டப்பா வரவில்லை.

"ஒம்போது எங்கடா?" என்று புரொஜக்டர் அறையில் ஆபரேட்டர் நாகப்பன் அலறினார். யாக்கோபு தலையில் கைவைத்தார். அடுத்த நிமிஷம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

திரை இருட்டானால் மண்ணூர்க்காரர்கள் மணலை வாரி அடிப்பார்கள். போன தீபாவளிக்குத் திரையில் விழுந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. நாகப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. பத்தாம் ரீலை மாட்டினார்.

இது எதுவும் மரகதத்துக்குத் தெரியாது. குடோன் வந்ததும் ஆட்டலாம் என்று டார்ச்சை எரியவிட்டுத் தூக்கினாள். குடோன் வரவில்லை. கோமளா வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, கையில் கொடுவாளோடு வில்லனின் அடியாட்களை ஒவ்வொருவனாகச் சாய்க்க ஆரம்பித்தாள்.

ஆண்கள் பக்கம் குழம்பிப் போயிற்று. முதல் வரிசையில் எப்போதும் உட்காரும் லாரி டிரைவர் சுப்பராயன் எழுந்து நின்றான். "டேய், இன்னாடா இது? தங்கச்சிய இன்னும் ஒண்ணுமே பண்லியே! இவ ஏன் வெட்றா?"

"அவன் மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பாப்பம்மாள் குரல் கொடுத்தாள்.

"மூஞ்சி சரியில்லன்னா வெட்டிடுவியா யக்கா?"

"உன்ன எத்தினி வருஷமா வுட்டு வச்சிக்கிறோம்!"

கொட்டகையே சிரித்தது. திரையில் இரண்டாவது ஆள் விழுந்தான்.

"இருந்தாலும் இது அநியாயம்" என்றாள் ஞானம்மா. "எதுக்கெடுத்தாலும் வெட்டு. போலீஸு எதுக்கு இருக்குது? உசுரு குடுத்தது ஆண்டவரு. இவ யாரு எடுக்கறதுக்கு?"

"ஆயாம்மா, அஞ்சாம் ரீல்ல அவ போலீஸுக்குப் போனாளே, பாக்கலியா? அந்த இன்ஸ்பெக்டரு காபி குடிச்சிக்கினே 'நாளைக்கு வா'ன்னானே!" என்றாள் சரோஜா.

"அதுக்காக?"

"நாங்க ஷிஃப்ட் பஸ்ல போறப்ப ஊக்க கையில வச்சிக்கினுதான் நிப்போம். யாரையும் கொல்லணும்னு இல்ல. குத்தினா தள்ளி நிப்பான், அவ்ளோதான்."

"ஊக்கு சரி. கொடுவாளு?"

"எங்களுக்கு ஊக்கு போதும். சினிமாக்காரனுக்குப் பத்தாது போல" என்றாள் சரோஜா. ஞானம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்திலும் வாக்குவாதம் பற்றிக்கொண்டது. பொம்பளை இப்படிச் சண்டை போடுவாளா என்றான் ஒருவன். உன் மாமியாரைப் பார்த்ததில்லையா என்றான் இன்னொருவன். ரீல் முடிந்து விளக்கு எரிந்தபோதுதான் மரகதம் கவனித்தாள்: ஒருத்திகூட எழுந்து போகவில்லை. கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூட மறந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து யாக்கோபு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், டப்பாவோடு.

"ரீலு வந்துட்சி! போடு, போடு!" என்று ஆண்கள் பக்கம் கூச்சல் கிளம்பியது. தாண்டவராயன் நாகப்பனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தப் பக்கம் பாப்பம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவளைப் பார்த்துப் பின்வரிசையும் எழ ஆரம்பித்தது.

மரகதத்துக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, சுவரின்மேல் ஏறி நின்றுவிட்டாள்.

"சுப்பராயா, உனுக்கு ஒரு கேள்வி. அவ ஏன் வெட்னான்னு இப்போ புரிஞ்சிதா, இல்லியா?"

"அது... புரிஞ்சிது. தங்கச்சிய ஏதோ பண்ட்டானுங்க."

"புரிஞ்சிட்சில்ல? அப்புறம் அதப் போட்டு எதுக்குக் காட்டணும்?"

சுப்பராயன் பின்னந்தலையைச் சொறிந்தான். "காசு குடுத்தது முழுப் படத்துக்குத்தானே?" என்றான், ஆனால் முன்னே இருந்த சுருதி இல்லை.

"யோவ்!" பெண்கள் பக்கத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சுப்பராயன் திடுக்கிட்டான். அது அவன் பெண்டாட்டி சந்திரம்மாள். "நானும் இங்கதான் கீறேன். நேத்து அதுக்கு விசிலடிச்சது நீதானாமே? இன்னிக்கி அடிச்சிப் பாரு. வூட்ல சோறு கிடையாது."

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "வாணாம்ப்பா, அடுத்த ரீலப் போடு. அண்ணன் பட்டினி கிடப்பாரு!" என்று ஆண்கள் பக்கமிருந்தே குரல்கள் கிளம்பின.

தாண்டவராயன் இந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு யாக்கோபுவைப் பார்த்து, "அத அப்படி ஓரமா வை" என்றார். யாக்கோபு வைத்தார். வைத்த கையோடு, பழக்க தோஷத்தில் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மண்ணூர்ல அந்த ரீலு கிடையாதாம்" என்ற செய்தி, பாப்பம்மாளின் தயிர்ப்பானையோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. பென்னலூர்ப் பெண்கள் தங்கள் ஊர்க் கொட்டகையை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். வல்லம் வடகால் கிராமத்திலிருந்து இரண்டு மாட்டு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். சாயங்காலம் மரகதத்தின் ஜன்னலுக்குள் ஒரே நேரத்தில் நாலு கை நுழைந்தது.

ஐந்தாவதாக நுழைந்தது ஞானம்மாவின் கை.

"நீங்களா ஆயாம்மா! வெட்டுக் குத்து பாவம்னு சொன்னீங்க?"

"பாவந்தான். ஆறு பேர வெட்றது ரொம்பத் தப்பு. அத எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்லத்தான் வந்தேன். சீக்கிரம் டிக்கெட்டக் குடு, மின்னாடி இடம் போய்டப் போவுது."

உள்ளே மணலில் இடமில்லாமல், சுவரோரம் நின்றவர்கள் சுவர்மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கம் பின்வரிசை காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை, சொன்னபடி கொத்தனார் கடப்பாரையோடு வந்து நின்றார். மரகதம் தன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மோவாயைத் தடவினார்.

"எல்லாத்தியும் இடிச்சிடலாமா முதலாளி?" என்று கேட்டார் கொத்தனார்.

"இடி. இடிச்சிட்டு அதே கல்ல வச்சி அந்தாண்ட தள்ளிக் கட்டு." ஆண்கள் பக்கம் நாலு முழம் தள்ளிப் போய்க் காலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காதபடி, "போதுமா மரகதம்?" என்றார்.

மரகதம் துடைப்பதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு முழம் தள்ளுங்க முதலாளி. சந்திரம்மா அவ நாத்தனாருங்களையும் இட்டாறேன்னு சொல்லிக்கிறா."