பந்தி பரிமாறியவர்

கிருஷ்ணம்மாவை முகாமுக்கு வரச் சம்மதிக்க வைப்பதற்குள் லோஷினிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செடெனாக்கை ஒட்டிய செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் லோஷினி பிறந்து வளர்ந்தவள். ஜொகூர் பாருவிலிருந்து வரும் ஒரு நலச் சங்கம் அங்கே சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடத்த முன்வந்தபோது, வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். மற்றப் பெண்கள் தயங்கினாலும் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"இனிப்புநீர் இருக்குன்னு தெரிஞ்சு நான் என்னடி செய்யப்போறேன்? மனோகரன் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே பஸ்ஸுல ஏத்தமாட்டான்."

மனோகரன் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்குத் துப்புரவு வேலைக்கும் பெட்டி கட்டும் வேலைக்கும் இங்கிருந்து பெண்களைக் கொண்டுபோகிறவர். விடிவதற்கு முன் அவருடைய பஸ் கோயில் முச்சந்தியில் வந்து நிற்கும். நியமனக் கடிதம் என்று யாருக்கும் எதுவும் கிடையாது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அன்றைக்கு வேலை உண்டு. புருஷன் போன பிறகு கிருஷ்ணம்மாவின் குடும்பம் அந்த ஓர் இருக்கையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்கு எப்படிக்கா தெரியும்? உங்களுக்கு, எனக்கு, டாக்டருக்கு. அவ்வளவுதான். சார் சொல்லியிருக்காரு."

"சத்தியமா?"

"சத்தியமா லா."

சார் என்றால் சங்கத் தலைவர் சிறீகாந்தன். சுங்கத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் சந்தேகம் கேட்கத் தோன்றாது. முகாமன்று காலை, கோயில் மண்டபத்தில் தொண்டர்களைக் கூப்பிட்டுக் காகிதப் பட்டைகளைக் கொடுத்தார். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ அதிகம் உள்ளவர்களின் மணிக்கட்டில் சிவப்பு, மற்றவர்களுக்குப் பச்சை. சாப்பாடு பரிமாறும்போது யாருக்குக் கேசரி வைக்கக்கூடாது என்று பார்த்தவுடன் தெரியும் அல்லவா என்றார். லோஷினிக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

கிருஷ்ணம்மாவின் விரலில் குத்திப் பார்த்த டாக்டர், கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை குத்தினார். அடுத்த வாரமே கூலாய் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். லோஷினி சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள்.

"என்னடி இது, கோழிக்கு அடையாளம் கட்டுற மாதிரி?"

"சாப்பாட்டுக்குக்கா. உங்களுக்குச் சீனி போடாத தே ஓ கோசோங்தான் இன்னைக்கு."

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. உபயம் யாருடையதோ அவரே தன் கையால் பந்தி பரிமாறுவார். அன்றைய உபயம் மனோகரனுடையது என்பது இலை போட்ட பிறகுதான் தெரிந்தது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீகூன் வாளியோடு வரிசையாக வந்தார். உபயகாரரைப் பரிமாற வேண்டாம் என்று சொல்வது அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தோன்றக்கூடிய காரியமல்ல. ஒவ்வோர் இலையின் முன்னும் குனிந்தார்; மணிக்கட்டைப் பார்த்தார்; பிறகு முகத்தைப் பார்த்தார்.

"அலமாக், கிருஷ்ணம்மா! உடம்பு பூரா சீனியா? உங்கள வெச்சு ஒரு தே தாரிக் கடையே நடத்தலாம் போல."

பந்தி முழுக்கச் சிரித்தது. கிருஷ்ணம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் காலை பஸ் வந்தது. இடமில்லை என்றான் டிரைவர். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் காலி இருக்கைகள் வெளியிலிருந்தே தெரிந்தன. அடுத்த நாளும் அதே பதில். முச்சந்தியில் விடப்பட்டவர்கள் எல்லாரும் சிவப்புப் பட்டை கட்டியவர்கள்.

லோஷினி ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சிறீகாந்தன் வீட்டு மணியை அடித்தாள். அவர் உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள்.

"பட்டை கட்டுறது யாரோட யோசனை சார்?"

"மனோகரன்தான் சொன்னவர். உபயம் தாறவர் ஒண்டு கேட்டா மறுக்கேலுமே, பிள்ளை?"

"எதுக்குக் கேட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சிறீகாந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷினுக்குப் பக்கத்தில மயங்கி விழுந்தா ஆர் பொறுப்பு எண்டு கேட்டவர். அதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே."

"அப்ப முன்னாடியே தெரியும்."

"லாபிஸ் பக்கம் அடுத்த முகாமுக்கும் அவர்தான் எல்லாம் செய்யிறார். நாலைஞ்சு பேருக்காக அந்தச் சனத்தையெல்லாம் கைவிடச் சொல்லுறியே? நான் ஒருத்தற்ற பேரையும் அவருக்குச் சொல்லேல்லை. ஒரு துண்டுக் கடுதாசியும் குடுக்கேல்லை."

அவர் சொன்னது உண்மைதான். அவர் எதையும் கொடுக்கவில்லை. கையைப் பிடித்துப் பட்டை கட்டியது லோஷினி. அவர் குரலில் கொஞ்சமாவது தடுமாற்றம் இருந்திருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். அவர் நடுவில் எழுந்து போய், அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

குடியிருப்புக்குத் திரும்பியபோது கிருஷ்ணம்மா வெளிக்குழாயடியில் கோணிச் சாக்கை அலசிக்கொண்டிருந்தாள்.

"சாருக்குத் தெரிஞ்சேதான் செஞ்சிருக்காருக்கா. எனக்குச் சொல்லல. என்னையும் ஏமாத்திட்டாரு."

"அந்த சார் யாருன்னே எனக்குத் தெரியாது லோஷினி. அவரு சொல்லியா வந்தேன்? நீ சொன்னே, வந்தேன்."

லோஷினி குழாயை மூடினாள். பிறகு, "நாளைக்குக் கூலாய் கிளினிக்குக்கு நான் மோட்டார்ல கூட்டிட்டுப் போறேன். மருந்து ஆரம்பிக்கணும்க்கா" என்றாள்.

"நாளைக்கு வேலை இருக்கு. ஒரு சீனன் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்கக் கூப்பிட்டிருக்கான். இன்னைக்கும் அங்கதான் போயிட்டு வந்தேன். அவன் கையையும் பார்க்கமாட்டான், காலையும் பார்க்கமாட்டான்."

சாக்கைப் பிழிந்து கொடியில் போட அவள் திரும்பினாள். ஜப்பான் சிலிப்பரின் பின்பக்கம் ஈரமாக, கறுஞ்சிவப்பாக இருந்தது. குதிகாலில் செம்பனை மட்டையின் முள் ஒன்று ஒடிந்து பாதி உள்ளே நின்றது. அவள் நடையில் நொண்டல் இல்லை.

"அக்கா, கால்ல ரத்தம்."

கிருஷ்ணம்மா குனிந்து பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள். வலிக்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு கணம் மாறியது.

லோஷினி உட்கார்ந்து அந்தக் காலைப் பிடிக்கப் போனாள். கிருஷ்ணம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தொடாதே. இதையும் போய் யார்கிட்டயாவது காட்டிட்டு வராதே."