ஒரு குவாட்டர் காணி

மில்லிக்கன் நகர்ப்பக்கத்தில் அருள்நாயகத்துக்குப் பொறாமை வந்தால் வீட்டுப் பால் தானாகவே திரைந்துவிடும். 1993ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் அந்த வீட்டில் எல்லோரும் வெறுந்தேத்தண்ணிதான் குடித்தார்கள்.

காரணம் சகலன் பஸ்ரியன். அவன் பெண்சாதி பிள்ளைகளோடு மேற்கே தூரத்துச் சஸ்கற்சுவான் பக்கம் போய், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பமொன்று புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டோடு காணி வாங்கிவிட்டான். ஞாயிறுதோறும் தொலைபேசி வரும். கோதுமை முளைத்துவிட்டதாம், மாடு கன்று போட்டதாம், பிள்ளைகளே பால் கறக்கிறார்களாம். தங்கச்சி சொன்னதையெல்லாம் வேரோனிக்கா தன் புருசன் அருள்நாயகத்துக்கு இரண்டு தரம் சொல்லுவாள்.

ஒருநாள் அவரே றிசீவரைப் பறித்தார். "தம்பி, காணி எவ்வளவு?"

"பெரிசா இல்லையண்ணை. ஒரு குவாட்டர்தான்."

கால் ஏக்கர்! நாலு பரப்பு! அன்றைக்குப் பால் திரையவில்லை. "ஆட்டைக் கட்டினா வால் அடுத்தவன்ரை காணிக்குள்ளை நிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு தன் பின்வளவுப் புல்லைக் கொத்திப் புரட்டிக் கோதுமை விதைத்தார். அது வளர்ந்த வளர்த்தியில் பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானமே லைற் போட்டார். "வந்து பார்" என்று பஸ்ரியனுக்கு அழைப்பும் போனது.

அறுவடைக்கு முன்னம் பஸ்ரியன் தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். பின்வளவைப் பார்த்தான்.

"வடிவாயிருக்கண்ணை."

"உன்ரையை விடப் பெரிசோ?"

"நான் காலமை வேலி பார்க்க வெளிக்கிட்டா மத்தியானம்தான் திரும்புவன்."

"நாலு பரப்பைச் சுத்தவோ? தவண்டு போறனியே?"

வேரோனிக்கா சிரித்தாள். பஸ்ரியன் சிரிக்கவில்லை. "அண்ணை, அங்கை குவாட்டர் எண்டா சதுர மைலிலை கால்வாசி, நூற்றறுபது ஏக்கர்."

வேரோனிக்கா புருசனைப் பார்த்தாள். பிறகு பின்வளவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவர் கோடை முழுக்கப் பயந்து கிடந்தார்.

"அக்கா," என்றான் பஸ்ரியன், "உங்கடை தங்கச்சி கதைக்க ஆளில்லாமல் மாட்டோடை கதைக்கிறா. அறுவடைக்கு வாங்கோவன்."

"வாறன்" என்று அவள் அப்போதே உடுப்பு அடுக்கப் போனாள். போகிற போக்கில், "நீங்கள் நிண்டு உங்கடை வயலைப் பாருங்கோ, என்ன?" என்றாள்.

 அவள் பையோடு வெளியே வந்தபோது அருள்நாயகம் வானின் முன்சீற்றில் பெல்ற்றும் போட்டு இருந்தார்.

"கமம் செய்யத் தெரியாத பெடியன். நான் போய்க் காட்டிக் குடுக்காட்டி எல்லாம் பாழாப்போகும்."

வின்னிபெக் தாண்டியதும் தெருவின் இரண்டு பக்கமும் கோதுமை தொடங்கியது. அதற்கு முடிவே இல்லை. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நித்திரையோ அண்ணை?"

"ஓம்" என்றார் அருள்நாயகம்.